வழக்கு வீட்டுக்குத் தோள் கொடுத்த நீதிபதி

சான் கயெத்தானோவில் கோழியைக் கண்டு நடுங்கிய ஒரே மனிதர் அனக்லேத்தோ திமாகுலாங்கன்தான். பாம்புக்குப் பயப்படமாட்டார். சூறாவளிக்குப் பயப்படமாட்டார். துப்பாக்கியோடு நின்ற அமெரிக்கச் சிப்பாயிடமே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சாக்கடைய அடைச்சுக்கிட்டு நிக்கிறீங்க" என்று சொன்ன ஆள். ஆனால் விடிந்ததும் வீட்டுப் படியில் கால் கட்டிய கோழி ஒன்று கிடந்தால் மனிதருக்கு முகம் வெளுத்துவிடும். காரணம் இதுதான். அவர் எங்கள் ஊரின் சமாதான நீதிபதி. படியில் கோழி கிடந்தால் அன்றைக்கு யாருக்கோ விசாரணை இருக்கிறது என்று அர்த்தம்.

ஒருமுறை அப்படி வந்த கோழியை யார் வைத்தது என்றே தெரியவில்லை. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை, வைத்துக்கொள்ள மனசாட்சி இல்லை. என்ன செய்தார் தெரியுமா? அதன் காலில் வழக்கு எண் எழுதிய அட்டையைக் கட்டி, சாட்சிப் பொருள் என்று பதிவேட்டில் எழுதி, நீதிமன்ற அறையின் மூலையில் கட்டிப்போட்டார். சாட்சிப் பொருள் சும்மா இருந்ததா? நாளுக்கு ஒரு முட்டை வைத்தது. அவர் மனைவி அசியாங் நேரில் வந்து, "அந்த முட்டையவாவது குடுங்களேன், பிபிங்கா அப்பம் சுடணும்" என்று கேட்டாள். மனிதர் ஒவ்வொரு முட்டையிலும் தேதி போட்டுக் கையெழுத்திட்டு அடுக்கி வைத்துவிட்டார். அசியாங் பதினொரு நாள் அவரோடு பேசவில்லை. முட்டைகள் பேசத் தொடங்கியது பன்னிரண்டாம் நாள். நீதிமன்றத்துக்குள் மூக்கைப் பிடிக்காமல் யாரும் நுழைய முடியவில்லை.

இவர் எப்படி நீதிபதியானார் என்று கேட்டால் ஊரில் ஒரே பதில்தான் வரும். கையெழுத்து. உப்பு மூட்டை சுமந்து விற்ற ஒருவரின் மகன். தேவாலயத்தில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பிரதி எடுத்துப் பழகிய கை. ஸ்பானியர் காலத்தில் அவர்களின் கட்டளைகளை எழுதினார். புரட்சிக்காரர்கள் வந்ததும் அவர்களின் அறிக்கைகளை எழுதினார். அமெரிக்கர்கள் வந்தபோது அதே பேனா, அதே மை, அதே வளைந்த எழுத்து. மூன்று கொடிகள் மாறின, எழுத்தின் வளைவு மாறவில்லை. அந்த எழுத்தைப் பார்த்துச் சொக்கிப்போன ஓர் அமெரிக்க அதிகாரி, ஊருக்கு ஒரு நீதிபதி வேண்டும் என்றதும் இவரைத்தான் பிடித்து உட்காரவைத்தார். சட்டம் தெரியாதே என்று இவர் கையைப் பிசைந்தார். அதிகாரி ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். அனக்லேத்தோ அந்தப் புத்தகத்தை முழுக்கப் பிரதி எடுத்தார். எழுதி எழுதியே சட்டம் மண்டையில் ஏறிவிட்டது.

பதினான்கு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். செவ்வாயும் வெள்ளியும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, வேர்த்து வழிந்துகொண்டு, நகராட்சிக் கட்டடத்தின் மாடி ஏறுவார். அந்தப் பதினான்கு வருஷத்தில் அவர் தீர்ப்பு ஒன்றுகூட மாகாண நீதிமன்றத்துக்குப் போய்க் கவிழ்ந்ததில்லை. மேலே போனவை இருபத்தாறு. இருபத்தாறும் போன மாதிரியே திரும்பி வந்தன. இதை அவர் யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்து ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பாராம். அசியாங் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அந்த நாற்காலியும் அந்தக் கவிழாத கணக்கும்தான் அவருக்கு உயிர். வேறு சொத்து சுகம் எதுவும் கிடையாது.

அதற்குத்தான் ஆபத்து வந்தது, பஸ்தோராவின் வீட்டு ரூபத்தில்.

பஸ்தோரா கணவனை இழந்தவள். ஓடைக்கரையில், தோன் விவென்சியோ அல்காராஸின் நிலத்தில், அவள் கணவன் கட்டிய நீப்பா ஓலை வீட்டில் இருபத்திரண்டு வருஷமாக இருந்தாள். தோன் விவென்சியோவுக்குப் பாதி ஊர் சொந்தம். மீதிப் பாதியும் தன்னுடையதுதான் என்பது அவர் எண்ணம். திடீரென்று ஒருநாள் அங்கே சேவல் பண்ணை வைக்க ஆசை வந்துவிட்டது. நிலத்தைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டார். போட்ட கையோடு, "அந்த வீட்டுக்கு மூங்கில் வெட்டுனது என் தோப்புல. அதனால வீடும் எனக்குத்தான். அவ தூக்கிட்டுப் போயிடாம பாத்துக்குங்க" என்று தனியாக ஒரு மனுவும் கொடுத்தார்.

மனு முறைப்படி இருந்தது. அனக்லேத்தோவுக்கு வேறு வழியில்லை. வழக்கு முடியும்வரை வீடு இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று தன் அழகான கையெழுத்தில் ஆணை எழுதினார். காவலும் பார்த்து, சிறைச் சாவியும் வைத்திருந்த லார்யோ, அதைச் சோற்றுப் பசையால் பஸ்தோராவின் வீட்டு வெளிச்சுவரில், ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டு வந்தார்.

"என்ன லார்யோ ஒட்டுற?" என்று பஸ்தோரா கேட்டாள்.

"நீதிபதி உத்தரவு, பஸ்தோரா அக்கா. முத்திரை குத்தியிருக்கு பாருங்க."

"அனக்லேத்தோ கையெழுத்தா?"

"அவரேதான்."

அவ்வளவுதான் பேச்சு. லார்யோவுக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று விளக்கிச் சொல்லச் சோம்பல். அடுப்பில் அவருக்கு மீன் வெந்துகொண்டிருந்தது. படிக்கத் தெரியாத பஸ்தோராவுக்கோ ஒரே சந்தோஷம். நீதிபதியே தன் பெயரைப் போட்டு வீட்டில் காகிதம் ஒட்டிவிட்டார், இனி இந்த வீட்டைத் தொட எவனுக்குத் துணிச்சல் வரும் என்று நினைத்துவிட்டாள். தேவமாதா படத்தைக்கூட நகர்த்தி அந்தக் காகிதத்துக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

ஓடைக்கு அந்தப் பக்கம் மபாயோ ஊர். அங்கே பஸ்தோராவின் தம்பிக்குத் துண்டு நிலம் இருந்தது. நிலம் போனால் போகட்டும், வீட்டோடு அங்கே போய்விடலாம் என்று அவள் முடிவு செய்தாள். நடவு முடிந்து ஆண்கள் சும்மா இருந்த ஒரு வியாழக்கிழமை, அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். தூண்கள்மேல் நின்ற வீட்டுத் தரைக்கு அடியில் நீளமூங்கில்களைக் கோத்துக் கட்டி, வீட்டை அப்படியே தோளில் ஏற்றி ஓடையைக் கடப்பதாக ஏற்பாடு. எங்கள் ஊரில் வீடு மாறுவது என்றால் வீட்டோடுதான் மாறுவோம். சட்டிப்பானையை மட்டும் தூக்கிக்கொண்டு போவது என்ன வழக்கம்?

அதே வியாழக்கிழமை காலையில் அனக்லேத்தோ அந்த வழக்கு நிலத்தின் எல்லையை நேரில் பார்த்து எழுதிக்கொள்ளக் கிளம்பினார். கறுப்புக் கோட்டு, வைக்கோல் தொப்பி, கையில் வழக்குக் கட்டு. வளைவில் திரும்பியதும் பார்க்கிறார், ஒரு வீடு எழுந்து நிற்கிறது. அடியில் கால்கள். இருபத்துமூன்று ஆட்கள் மூங்கிலுக்குக் கீழே. இருபத்துநாலாவது ஆள் தெபான் ஒரு வேரில் இடறிக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தான். வலதுபக்க மூலை மெல்லச் சாய்ந்தது. உள்ளே ஒரு பானை உருண்டது.

"ஐயா! சாயுது ஐயா! ஒரு தோள் குடுங்க!" என்று யாரோ அலறினார்கள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்களோ தெரியாது. சான் கயெத்தானோவில் பிறந்தவனுக்கு அந்த இடத்தில் யோசனை என்று ஒன்று வராது. மூளைக்குச் செய்தி போவதற்கு முன்பே தோள் கீழே போய்விடும். அனக்லேத்தோ வழக்குக் கட்டை ஜன்னல் வழியாக வீட்டுக்குள் எறிந்தார். தொப்பியைத் தெபான் தலையில் கவிழ்த்தார். கோட்டோடு மூங்கிலுக்குள் நுழைந்தார். மூலை நிமிர்ந்தது.

"அப்படிப் போடு! நம்ம நீதிபதி எருமைய விடப் பலசாலிடோய்!"

"பேசாம நடங்கடா. ஒண்ணு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு!" என்று அவரே தாளம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பஸ்தோரா முன்னால் விளக்குமாற்றை ஆட்டிக்கொண்டு வழிகாட்டினாள். ஆட்கள் பாடினார்கள். அனக்லேத்தோவும் பாடினார். உப்பு மூட்டை தூக்கிய அப்பாவின் ரத்தம் இல்லையா, பல வருஷம் கழித்துத் தோளில் கனம் ஏறியதும் மனிதருக்கு ஒரே குஷி. ஓடையில் கால் வைத்தபோது தண்ணீர் முழங்காலைச் சில்லென்று தொட்டது. அப்போதுதான் சற்று நிமிர்ந்தார். மூக்குக்கு எதிரே, ஒரு சாண் தூரத்தில், சுவரில் ஒரு காகிதம். என்ன அழகான கையெழுத்து என்று முதலில் நினைத்தாராம். அப்புறம்தான் படித்தார்.

"நில்லுங்க!" என்று கத்தினார். "எல்லாரும் நில்லுங்க!"

வீடு ஓடை நடுவில் நின்றது.

"என்னாச்சு ஐயா?"

"இந்த வீடு நகரக் கூடாது!"

"இங்கயேவா வைக்கிறது? தண்ணிக்குள்ளயா?"

"யாரு நகரக் கூடாதுன்னது?" என்று இடதுபக்கத்திலிருந்து ஒருவன் கோபமாகக் கேட்டான்.

அனக்லேத்தோ காகிதத்தை மூக்காலேயே காட்டினார். "நான்தான்" என்றார்.

இருபத்துமூன்று பேரும் சிரித்த சிரிப்பில் வீடு குலுங்கி இன்னொரு பானை உருண்டது. திரும்பிப் போகலாம் என்றால் அந்தக் கரை வழுக்கல், சுமையோடு பின்னால் ஏற முடியாது. முன்னால் மபாயோ ஆட்கள் தண்ணீரில் இறங்கிக் கைகொடுக்க வந்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் வீட்டை ஓடையில் போட்டுவிட்டு வர முடியுமா? அனக்லேத்தோ பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்றார். குரலில் மட்டும் சுரத்தே இல்லை.

அக்கரையில் வீடு இறங்கியது. பஸ்தோரா எல்லாருக்கும் தேங்காய்ப்பாலில் வெந்த இனிப்புக் கஞ்சியைச் சுடச்சுட ஊற்றினாள். வீடு தூக்கியவர்கள் கஞ்சி குடிக்காமல் போனால் வீட்டுக்கு ஆகாது. அனக்லேத்தோவும் குடித்தார், துக்கத்தோடு. துக்கத்தில் இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்போதுதான் ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு குதிரைவண்டி நிற்பதைப் பார்த்தார். உள்ளே தோன் விவென்சியோ.

"நல்லா இருக்கா கஞ்சி, நீதிபதி அவர்களே?" என்று அவர் இங்கிருந்தே கூவினார். "நல்லாக் குடிங்க. நான் இன்னிக்கே மாகாணத்துக்கு எழுதுறேன். அடுத்த வாரம் அந்த நாற்காலில யாரு உக்காருவான்னு பாத்துக்கலாம்!"

அனக்லேத்தோ வழக்குக் கட்டை மீட்டுக்கொண்டு, நனைந்த காற்சட்டையோடு வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"என்னங்க இது கோலம்? ஓடைல விழுந்தீங்களா?" என்றாள் அசியாங்.

"வீடு தூக்கினேன்."

"நல்ல காரியந்தான. யாரு வீடு?"

"வழக்கு வீடு."

அசியாங் தலையில் கை வைத்துக்கொண்டாள். "கோழி வாங்க மாட்டீங்க, முட்டை வாங்க மாட்டீங்க, முழு வீட்டையே தோள்ல வாங்கிட்டு வந்திருக்கீங்களே மனுஷா! இனி அந்த விவென்சியோ சும்மா விடுவானா?"

"கஞ்சியும் குடிச்சிட்டேன், அசியாங்."

"எத்தன கிண்ணம்?"

"ரெண்டு."

அவளுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "இருபத்தெட்டு வருஷமா நான் காய்ச்சின கஞ்சிய ஒரு கிண்ணத்துக்கு மேல தொட்டதில்ல நீங்க! பஸ்தோரா கஞ்சி மட்டும் ரெண்டு கேக்குதோ?" என்று கத்திவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். நாற்காலி போய்விட்டால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் வெள்ளி. சேதி பரவி ஊரே மாடியில் கூடிவிட்டது. தோன் விவென்சியோ முன்வரிசையில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். அனக்லேத்தோ இஸ்திரி போட்ட கோட்டோடு வந்து உட்கார்ந்தார். கண்கள் சிவந்திருந்தன. வழக்குக் கட்டைப் பிரித்தார்.

"நீதிமன்ற ஆணையை மீறிய வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவர் அனக்லேத்தோ திமாகுலாங்கன். கூப்பிடு லார்யோ."

லார்யோ அவரையே பார்த்தார். "எங்கன்னு கூப்பிட ஐயா?"

"வழக்கம்போல ஜன்னல்ல போய்க் கூப்பிடு."

லார்யோ ஜன்னலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து மூன்று முறை கூப்பிட்டார். அனக்லேத்தோ நாற்காலியை விட்டு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, எதிரே கீழே நின்று, "வந்திருக்கேன்" என்றார். கோட்டைக் கழற்றி லார்யோவிடம் கொடுத்தார். மறுபடி சுற்றிப் போய், கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, மேலே உட்கார்ந்தார்.

"ஆணை உனக்குத் தெரியுமா?"

எழுந்தார், கழற்றினார், இறங்கினார். "தெரியும். நான் எழுதினதுதான்."

ஏறினார், மாட்டினார். "தெரிஞ்சும் மீறினியா?"

இறங்கினார். "ஓடை நடுவுலதான் ஞாபகம் வந்துச்சு. அதுக்கப்புறம் தெரிஞ்சேதான் மீறினேன். கஞ்சியும் குடிச்சேன். ரெண்டாவது கிண்ணம் நானாக் கேட்டது. யாரும் வற்புறுத்தல."

சுற்றிச் சுற்றி வந்து அவருக்கு மூச்சு வாங்கியது. ஜனங்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். லார்யோ கோட்டை வாங்கியும் கொடுத்தும் சலித்துப்போய், "கோட்ட நானே போட்டுக்கிட்டு நிக்கட்டுமா ஐயா?" என்று முணுமுணுத்தார். அனக்லேத்தோ மேலே ஏறி, கடைசிக் கேள்வியைக் கேட்டார்.

"எதுக்காகத் தூக்கின?"

கீழே வந்து நின்றார். தரையைப் பார்த்தார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள்.

"ஒரு தோள் குறைஞ்சுது" என்றார்.

அவர் ஏறிப் போய், பேனாவை மையில் தோய்த்து, ஆறு நாள் சிறை என்று தீர்ப்பு எழுதி, முத்திரை குத்தினார். பிறகு கோட்டை மடித்து நாற்காலி மேல் வைத்துவிட்டு, "வா லார்யோ, சாவிய எடு" என்று கீழே இறங்கினார். சிறை என்பது படிக்கட்டுக்கு அடியில் இருந்த ஒற்றை அறைதான்.

அவர் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே தெபான் நொண்டிக்கொண்டு வந்தான். "நானும்தான் முதல்ல தூக்கினேன். என்னயும் உள்ள வைங்க." பின்னாலேயே மற்ற இருபத்துமூன்று பேரும் வந்து நின்றார்கள். பாயும் தலையணையும் வேறு கொண்டுவந்திருந்தார்கள். அறையில் நாலு பேர் படுக்கலாம்.

"ஆணைல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். போங்கடா வீட்டுக்கு!" என்று அனக்லேத்தோ கம்பிக்குள்ளிருந்தே விரட்டினார். போனார்களா? வாசலில் பாயை விரித்துச் சீட்டாட உட்கார்ந்துவிட்டார்கள். பஸ்தோரா கஞ்சிப் பானையோடு வந்தாள். அசியாங் அதைவிடப் பெரிய பானையோடு வந்தாள்.

நான்காம் நாள் மாகாண நீதிபதி வந்து இறங்கினார். நெட்டையான அமெரிக்கர், வெயிலில் சிவந்த கழுத்து, ஸ்பானிய மொழியை நிதானமாகப் பேசுவார். தோன் விவென்சியோ வண்டியடியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஊர் நீதிபதி எங்க?" என்றார் வந்தவர்.

"ஜெயில்ல இருக்கார் ஐயா" என்றார் லார்யோ.

"யாரு போட்டா?"

"அவருதான் போட்டார்."

வந்தவர் பதிவேட்டை வாங்கி நின்றபடியே படித்தார். 'ஒரு தோள் குறைந்தது' என்ற வரிக்கு வந்ததும் அதை இன்னொரு தடவை படித்தார்.

"இவரைப் பதவிய விட்டு நீக்கணும்!" என்றார் தோன் விவென்சியோ.

"எந்தக் குற்றத்துக்கு?"

"ஆணைய மீறினதுக்கு!"

"அதுக்குத்தான் ஏற்கெனவே தண்டனை அனுபவிச்சிட்டிருக்காரே. ஒரே குற்றத்துக்கு ஒருத்தர ரெண்டு தடவ தண்டிக்க எங்க சட்டத்துல இடமில்ல."

தோன் விவென்சியோ கைத்தடியைத் தரையில் தட்டினார். "அப்ப என் வழக்கு?"

வந்தவர் அதையும் புரட்டினார். "பஸ்தோரா உங்க நிலத்தைக் காலி செய்யணும்னுதான் கேட்டிருக்கீங்க. காலி ஆயிடுச்சே? ஜெயிச்சிட்டீங்க, வாழ்த்துகள்."

"வீடு? என் மூங்கில்?"

"அது இப்ப மபாயோ எல்லைல இருக்கு. அந்த ஊர் நீதிபதிகிட்டதான் கேக்கணும்."

"கேக்கிறேன்! நாளைக்கே போறேன்!"

சீட்டாடிக்கொண்டிருந்த தெபான் தலையைத் தூக்காமலே சொன்னான்: "போங்க தோன் விவென்சியோ. அன்னிக்கு அந்தப் பக்கம் தண்ணில இறங்கி முதல் மூங்கிலப் பிடிச்சாரே மீசைக்காரர், அவருதான் மபாயோ நீதிபதி."

தோன் விவென்சியோ வண்டியில் ஏறிய வேகத்தில் குதிரையே திடுக்கிட்டது.

மாகாண நீதிபதி குனிந்து படிக்கட்டுக்கு அடியில் எட்டிப்பார்த்தார். அனக்லேத்தோ எழுந்து சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் நாலு நாள் தாடி.

"வெளிய வாங்க. மீதி ரெண்டு நாள நான் ரத்து செய்றேன்" என்றார் வந்தவர்.

அனக்லேத்தோ கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வேண்டாங்க ஐயா. தயவு பண்ணி அத மட்டும் செய்யாதீங்க."

"ஏன்?"

"பதினாலு வருஷத்துல என் தீர்ப்பு ஒண்ணுகூட மேல கவிழ்ந்ததில்ல" என்றார். "இத மட்டும் கவிழ்த்துடாதீங்க."

வந்தவர் தன் பேனாவை எடுத்து, பதிவேட்டில் தீர்ப்புக்குக் கீழே, 'உறுதி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார். கையெழுத்து கோழி கிறுக்கியது போல இருந்தது. அனக்லேத்தோ அதைப் படித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்தேழாவது தீர்ப்பு.

ஆறு நாளும் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அசியாங் அவரைத் திண்டில் உட்காரவைத்துச் சட்டையைக் கழற்றினாள். வலது தோளில் மூங்கில் பதிந்த இடம் இன்னும் கருநீலமாகக் கிடந்தது. தேங்காய் எண்ணெயைச் சூடாக்கி அழுத்தித் தேய்த்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"அடுத்த தடவ இடது தோளக் குடுங்க" என்றாள் அசியாங். "வலது கையால ஆணை எழுதணும்ல?"